அப்பவே சொன்னவர்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே, சுண்ணாம்புக்கற் பாறைக்குள் இறங்கிய மழைநீர் நிலத்தடி வழியே ஓடிவந்து, உப்புக்கடலின் விளிம்பிலேயே நன்னீராய் ஊறி எழுகின்ற கீரிமலைக் கேணியைப் பற்றி எழுதியவர்கள் அதன் தீர்த்த விசேஷத்தையும், நகுலேஸ்வரப் பெருமானின் சந்நிதியையும், ஆடி அமாவாசைக்குத் திரளுகின்ற சனத்தையும் விஸ்தாரமாக வருணித்திருக்கிறார்களேயன்றி, அதே கேணிப் படிக்கட்டிலே மாலை வேளையில் ஈரத்துவாயைத் தோளிற் போட்டுக்கொண்டு வீற்றிருந்து, அமெரிக்க தேசத்துத் தொலைக்காட்சித் தொடர்களுக்குத் தீர்ப்பு வழங்குகின்ற ஒருவகை மனிதரைப் பற்றி எழுதியதாக நான் கண்டதில்லை. அவரை ரசிகசிகாமணி என்று அழைப்போம். பெற்றோர் இட்ட பெயர் நமக்கு வேண்டாம். இப்பெயருக்கு உரியவர் ஊருக்கு ஒருவராவது உண்டு.

சிகாமணி அரசாங்கத் திணைக்களம் ஒன்றிலே எழுதுவினைஞர். காரியாலயத்தில் அவர் அபிப்பிராயத்தை எவரும் கேட்பதில்லை. கேட்டாலும் ‘மேலிடத்தில் கேட்டுச் சொல்லுகிறேன்’ என்பதற்குமேல் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வராது. அத்தகைய சாதுவான மனிதர், ஐந்து மணிக்கு மேல் சைக்கிளை மதிற்சுவரில் சாய்த்துவிட்டுக் கேணிக்குள் இறங்கி இரண்டு முழுக்குப் போட்டெழுந்தாரானால், வானத்துக்குக் கீழே அவருக்குத் தெரியாத இரகசியம் என்று ஒன்று இராது. அவருடைய சகல ஞானத்தையும் தாங்கி நிற்கும் தூண் ஒரேயொரு வாக்கியம்: “நான் அப்பவே சொன்னனான்.”

இந்த ஞானம் அவருக்குப் பரம்பரைச் சொத்து. 1972ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளியிடத் தொடங்கிய இரும்புக்கை மாயாவியை, பாடப்புத்தகத்தின் நடுவிலே ஒளித்து வைத்து வாசித்துப் பரீட்சையிற் கோட்டைவிட்டவர் அவருடைய சித்தப்பா. மின்சாரம் உடலிற் பாய்ந்தவுடன் மாயாவியின் தேகம் முழுவதும் கண்ணுக்குப் புலனாகாமல் மறைந்துபோக, இரும்பினாலான வலக்கை மாத்திரம் அந்தரத்திலே மிதந்து துப்பாக்கியைப் பறிப்பதும் பூட்டைத் திறப்பதுமாகத் திரியும் அந்தக் கதை, 1962இல் இங்கிலாந்தின் ‘வேலியன்ட்’ என்ற சிறுவர் சஞ்சிகையிற் பிறந்தது என்பதையோ, மாயாவியின் இயற்பெயர் லூயிஸ் கிராண்டேல் என்பதையோ சித்தப்பா பொருட்படுத்தவில்லை. நிழற்படை என்னும் உளவுஸ்தாபனத்திற்கு உழைத்த அந்த வீரரைத் தம் சொந்தக்காரர்களில் ஒருவராகவே அவர் பாவித்தார். 1990இல் வலிகாமம் வடக்குச் சனங்கள் போருக்கு அஞ்சிக் கையிலகப்பட்டதை எடுத்துக்கொண்டு வீடுவாசலை விட்டு ஓடியபோது அப்புத்தகக் கட்டும் வீட்டோடு போயிற்று. பின்வந்த ஆண்டுகளிலே குடாநாடு மின்சாரமில்லாது இருண்டு கிடக்க, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டுக்கொண்டிருந்த ஓர் இரவில் சித்தப்பா சொன்ன சித்தாந்தத்தைச் சிகாமணி இன்றைக்கும் எடுத்துரைப்பார்: “மாயாவி இப்ப யாழ்ப்பாணம் வந்தாரெண்டால் ஒருக்காலும் மறைய ஏலாது தம்பி. கரண்ட் இல்லை. கையும் காலுமாய் அப்பிடியே நிண்டு பிடிபட்டிருப்பார்.”

இப்படிப்பட்ட குருகுலத்திலே பயின்றவருக்கு, மார்வெல் கம்பெனியார் தங்கள் அதிமானுட வீரர்களின் உலகத்திலிருந்து ஓர் உளவுஸ்தாபனத்தை மட்டும் பிரித்தெடுத்து, ‘ஏஜென்ட்ஸ் ஒஃப் ஷீல்ட்’ என்ற பெயரிலே 2013ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 24ஆந் திகதி ஏ.பி.சி. தொலைக்காட்சியில் ஆரம்பித்தது, தமக்கென்றே ஆரம்பித்ததாகத் தோன்றியதில் வியப்பென்ன? ஆயினும், அவர் அத்தொடரை மெச்சி ஒரு வார்த்தை சொன்னதாக யாருக்கும் ஞாபகமில்லை. முதல் அத்தியாயத்தின் மறுநாளே “உது தேறாது” என்றார். தேறாத அந்தத் தொடரின் ஏழு பருவங்களையும் நூற்று முப்பத்தாறு அத்தியாயங்களையும் ஒன்று விடாமற் பார்த்து முடித்தார். மெச்சுவதற்காகப் பார்க்கிறவன் நடுவிலே களைத்து எழுந்துவிடுவான். ஏசுவதற்காகப் பார்க்கிறவனோ கடைசிவரையில் இருந்து, எழுத்தோட்டத்தையும் வாசித்துவிட்டுத்தான் எழுவான் என்பது என் அபிப்பிராயம்.

அவருடைய புகழ் உச்சத்தை எட்டியது 2014ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்திலே. அத்தொடரின் முதற் பதினாறு அத்தியாயங்கள் நொண்டி நொண்டி நடந்தமைக்கு ஒரு காரணம் இருந்தது. ஷீல்ட் ஸ்தாபனத்தின் உள்ளேயே ஹைட்ரா என்னும் பகைவர் கூட்டம் நெடுங்காலமாகக் குடிகொண்டிருந்த இரகசியம், ‘கப்டன் அமெரிக்கா: த வின்டர் சோல்ஜர்’ என்ற திரைப்படத்திலே வெளிப்பட வேண்டியிருந்தது, படம் வெளிவரும்வரையிலும் தொடர் வாயைப் பொத்திக்கொண்டிருக்க நேர்ந்தது. படம் ஏப்ரில் 4ஆந் திகதி அமெரிக்காவில் வெளியாயிற்று. நான்கு நாள் கழித்து ஒளிபரப்பான பதினேழாம் அத்தியாயத்திலே மூடியிருந்ததெல்லாம் திறந்து கொட்டியது. கட்டிளங்காளையும் கடமை வீரனுமாகிய வோர்ட், அத்தியாயத்தின் கடைசி நிமிடத்திலே தன் மேலதிகாரியான பெண்மணியைச் சுட்டு வீழ்த்தித் தானும் பகைவரின் ஆளே என்று காட்டிக்கொண்டான்.

அமெரிக்காவின் கீழ்க்கரையில் செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணியென்றால் கீரிமலையிலே புதன்கிழமை விடியற்காலை ஐந்தரை மணி. சிகாமணியின் மாமன் மகன் ரொறன்ரோவாசி. அத்தியாயம் முடிந்த கையோடு தொலைபேசியில் அழைத்துக் கதை முழுவதையும் கொட்டித் தீர்ப்பது அவன் வழக்கம். கேணிக்கட்டு இளைஞர்களோ அதே அத்தியாயத்தை எவனாவது இணையத்திலிருந்து இறக்கி, பென்டிரைவிலே கைமாற்றி, இரண்டு நாட் கழித்தே பார்ப்பார்கள். இந்த இரண்டு நாள் இடைவெளியிலேதான் நம் சிகாமணியின் தீர்க்கதரிசனம் செழித்து வளர்ந்தது. புதன்கிழமை மாலை அவர் கேணிக்கு வந்து, ஒன்றுமறியாதவர் போலே கடலைப் பார்த்து, “உந்த வோர்ட்டிலை எனக்கு ஒரு சமுசயம் இருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டு நீருக்குள் மூழ்கினார். வெள்ளிக்கிழமை இளைஞர்கள் பேயறைந்தவர்களாய் வந்து சேர்ந்தார்கள்.

“நான் அப்பவே சொன்னனான், அவன்ரை முழி சரியில்லை எண்டு.”

“புதன்கிழமைதானே அண்ணை சொன்னனீங்கள்?”

“அதுக்கு முந்தியும் சொன்னனான். உனக்குக் கேட்டிருக்காது, நீ அப்ப முழுகிக்கொண்டு இருந்தனீ.”

இதில் ஓர் அழகு உண்டு. முதற் பருவம் முழுவதும் ஷீல்ட்காரரை அலைக்கழித்த மாயவில்லன், முக்காலமும் உணர்ந்த ஞானதிருஷ்டிக்காரன் என்று எல்லோராலும் அஞ்சப்பட்டவன், அதே பதினேழாம் அத்தியாயத்திலே அகப்பட்டுக்கொள்கிறான். அவனிடம் ஞானதிருஷ்டியுமில்லை, மந்திரமுமில்லை, ஸ்தாபனத்தின் அந்தரங்கக் கோப்புகளைப் பார்க்கும் அதிகாரம் மாத்திரமே இருந்தது என்று அம்பலமாகிறது. இந்த இடத்தைச் சிகாமணி மூன்று தரம் திருப்பிப் பார்த்தும், ‘வெறும் புளுகு’ என்று அந்த வில்லனை ஏளனம் செய்தாரேயொழிய, அவருக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

அன்றைய சபையிலே சிகாமணியின் வெற்றியை மதியாதவர் ஒருவரே இருந்தார். மேற்படியிலே அமர்ந்து கச்சான் உரித்துக்கொண்டிருந்த வயோதிபர், தொடரைப் பார்த்தவருமல்லர், பார்க்கப் போகிறவருமல்லர். இளைஞர்களின் ஆரவாரத்தைச் சற்று நேரம் கேட்டிருந்துவிட்டுச் சொன்னார்: “எங்கடை காலத்திலை சாக்கைத் தலையிலை போட்டுக்கொண்டு இருந்து, ஆக்களைக் காட்டிக்குடுத்துத் தலையாட்டினவன் ஆரெண்டு இண்டைக்கும் எங்களுக்குத் தெரியாது. உங்களுக்கு முக்கால் மணித்தியாலத்திலை தெரிஞ்சிட்டுது. குடுத்து வைச்ச பிள்ளையள்.” சொல்லிவிட்டுக் கச்சான் கோதை ஊதினார். உளவாளி என்றால் அழகிய மேலங்கியும் மெல்லிய துப்பாக்கியும் என்று கற்பனை செய்வதற்கு வேறு ஊர்களில் வசதி உண்டு, இங்கே அப்படியில்லை. சிகாமணிகூட அதற்கு மறுமொழி சொல்லவில்லை. அவர் மறுமொழி சொல்லாதிருந்தது அபூர்வம் என்பதால் இங்கே குறித்து வைக்கிறேன்.

இனி, அவருடைய வீட்டிலே நிகழும் விமரிசனத்துக்கு வருவோம். கேணிக்கட்டிலே அவர் நியாயாதிபதியானாலும் வீட்டிலே பெரியம்மா என்னும் மேல்நீதிமன்றம் உண்டு. பெரியம்மா திரையைப் பார்ப்பதில்லை. திரைக்குப் புறங்காட்டி இருந்து அரிசி பொறுக்குவார். கதையைச் சிகாமணி சொல்லக் கேட்பார். கதாநாயகர் கோல்சன் முன்னரே 2012ஆம் ஆண்டு ‘அவெஞ்சர்ஸ்’ திரைப்படத்திலே லோக்கி என்னும் வில்லனின் ஆயுதத்தால் முதுகிலே குத்துண்டு மாண்டவர் என்றும், மறு வருஷம் இத்தொடரிலே சர்வ சாதாரணமாகக் கோட்டும் சூட்டும் அணிந்து வந்து நிற்கிறார் என்றும் அறிந்த கணத்திலேயே பெரியம்மா கையிலிருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டார்.

“அந்த மனிசனுக்கு அந்தியேட்டி செய்தவையே?”

“அமெரிக்காவிலை ஆர் பெரியம்மா அந்தியேட்டி செய்யிறது?”

“அதுதான் அலையுது.”

குடாநாட்டின் நாலா திசைகளிலிருந்தும் சனங்கள் இறந்தவர்களின் அஸ்தியைக் கரைக்கவும், 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியையை நிறைவேற்றவும் வந்து கூடுகிற ஸ்தலத்திலே பிறந்து வளர்ந்த பெரியம்மாவுக்கு, இது கதையின் குறையல்ல, கிரியையின் குறை. வேற்றுக்கிரகத்துப் பிரேதத்திலிருந்து வடித்த மருந்தினாலே கோல்சன் உயிர்ப்பிக்கப்பட்டார் என்ற விளக்கத்தை அவர் காதிற் போட்டுக்கொள்ளவேயில்லை. 2018இல் ஐந்தாம் பருவத்தின் முடிவிலே கோல்சன் தம் எஞ்சிய நாட்களைக் கழிப்பதற்காகத் தஹீற்றித் தீவில் இறக்கிவிடப்பட்டு, பின்னர் உண்மையாகவே காலமானபோது, “இப்பவாவது முறையாய்ச் செய்வினமோ?” என்று விசாரித்தார். செய்யவில்லை போலும். அடுத்த வருஷம் ஆறாம் பருவத்திலே, அதே முகமும் அதே குரலும் கொண்ட ஒரு முரட்டு ஆசாமி சாஜ் என்ற பெயரிலே வந்து குதித்தான். சிகாமணி, “இரட்டைப் பிள்ளையாய் இருக்க வேணும்” என்று கேணிக்கட்டிலே பிரகடனஞ் செய்தார். பெரியம்மாவோ, “உடம்பு அவற்றை, உள்ளுக்கை வேறை என்னவோ பூந்திட்டுது” என்றார். பருவம் முடிவதற்குள், கோல்சனுடைய உடலின் பிரதியொன்றிலே அன்னிய உலகத்து ஆவி குடியிருந்தது என்றே கதாசிரியர்கள் வெளியிட்டார்கள். சிகாமணியின் இரண்டு நாட் தீர்க்கதரிசனம் ஒருபுறமிருக்க, உள்ளபடி முன்னறிந்து சொன்னவர் அவ்வீட்டிலே பெரியம்மா ஒருவரே. அவர் அதைப் பற்றிப் பின்பு ஒரு தரமும் பிரஸ்தாபிக்கவில்லை. ஏழாம் பருவத்திலே கோல்சனை இயந்திரப் பிரதிமையாகச் செய்து நடமாடவிட்டபோது மாத்திரம், “அது பறவாயில்லை, இரும்புக்குத் துடக்கில்லை” என்று அனுமதி வழங்கினார்.

இரண்டாம் பருவத்திலே றெய்னா என்ற அழகி, மர்மப் படிகத்தின் புகைபட்டு, முகமெல்லாம் முள் முளைத்துக் கோரமாகிய கட்டம் 2014 டிசெம்பரிலே வந்தது. உலகமெங்கும் ரசிகர்கள் திகைத்திருப்பார்கள். கீரிமுகம் பெற்ற நகுல முனிவர் தவஞ்செய்த இடத்திலே, குதிரைமுகத்தோடும் குன்மநோயோடும் வந்த மாருதப்புரவீகவல்லி என்னும் சோழ இளவரசி நீராடி இரண்டும் நீங்கப்பெற்று, மாவிட்டபுரத்திலே கந்தசுவாமிக்குக் கோயில் எடுப்பித்தாள் என்ற ஐதீகத்தைத் தாய்ப்பாலோடு அருந்தியவர்கள் திகைப்பார்களா? “உந்தப் பெட்டையை இஞ்சை கொண்டுவந்து ஒரு மண்டலம் முழுக வைச்சால் எல்லாம் உதிரும்” என்பது கேணிக்கட்டின் ஏகமனதான தீர்மானம். எங்கே தங்கவைப்பது என்பதில் மட்டும் கட்சி பிரிந்தது. மடத்திலே இடம் உண்டு என்றார் சிலர். மடத்திலே ஐயர்மார் பயந்துபோவார்கள் என்றார் சிலர்.

2020ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 12ஆந் திகதியோடு தொடர் முடிவுற்றது. மாமன் மகனின் விடியற்காலை அழைப்புகளும் ஓய்ந்தன. சில மாதங்கள் சிகாமணி கேணிக்கு வந்து முழுகிவிட்டுப் பேசாமற் போனார். ஊரார் அவருக்குச் சுகவீனமோ என்று ஐயுற்றார்கள். பிறகுதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. தங்கையின் மகன், பதினான்கு வயதுப் பையன், தொடரைப் பார்த்தறியாதவன். அவனை அருகிலிருத்தி முதலாம் அத்தியாயத்திலிருந்து மறுபடியும் தொடங்கினார். இப்போது அவருக்குத் தொலைபேசி வேண்டியதில்லை. நூற்று முப்பத்தாறு அத்தியாயங்களும் உள்ளங்கையில். இனி அவர் உரைப்பதெல்லாம் பலிக்கும். ஆனால் விசித்திரம் என்னவென்றால், மனிதர் வாயையே திறக்கவில்லை. வோர்ட் திரையில் வரும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு, தேத்தண்ணிக் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பையன் பதினேழாம் அத்தியாயத்திலே ஏமாறும் கோலத்தைக் கண்ணாரக் காணவேண்டும் என்ற ஆசைக்கு முன்னாலே, ஆயுட்காலப் பழக்கம் தோற்றுப்போயிற்று.

மூன்றாம் அத்தியாயத்திலே பையன் சொன்னான்: “மாமா, எனக்கெண்டால் உந்த வோர்ட்டிலை நம்பிக்கை இல்லை. ஆள் ஏதோ மறைக்கிறார்.”

சிகாமணிக்கு வந்ததே கோபம். “உனக்கு மனிசரை மதிக்கத் தெரியாது! எவ்வளவு கண்ணியமான பெடியன்! தாய் தேப்பன்ரை அன்பில்லாமல் வளந்த பிள்ளையைப் பாத்து என்ன கதை கதைக்கிறாய்?” என்று, ஆறு வருஷமாகத் தாம் நாசமாய்ப் போகச் சபித்துவந்த துரோகிக்காகப் பரிந்துபேசி, அவனுடைய குணநலன்களை ஒவ்வொன்றாக எடுத்துரைத்து, பையன் ‘மன்னியுங்கோ மாமா’ என்று சொல்லும்வரையில் அடுத்த அத்தியாயத்தைப் போட மறுத்துவிட்டார்.