பியூரெட் ரீடிங்கில் பக்கத்து நோட்டின் பங்கு: ஓர் ஆய்வு

வேதியியல் ஆய்வகத்தில் அளவு காண உதவும் உறுப்பு கண் என்பதே இதுவரை அறிஞர் கொண்ட கருத்து. அது கழுத்து என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

50 மி.லி. பியூரெட்டை ஸ்டாண்டில் பூட்டி மேசைமேல் நிறுத்தினால், அதன் சுழிக்கோடு பிளஸ் டூ மாணவர் பலரின் தலைக்கு மேலே போய்விடுகிறது. எக்கி, கீழிருந்து பார்த்தால் அளவு கூடுதலாகத் தெரியும். மேலிருந்து பார்த்தால் குறைவாகத் தெரியும். பாடநூல்கள் இதை இடமாறு தோற்றப் பிழை என்று பொதுப்படச் சொல்லித் தப்பிக்கின்றன. எக்கற்பிழை, குனியற்பிழை எனப் பகுத்துக் கொள்வதே முறை.

பிறைத்தளம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிறமற்ற கரைசலுக்குக் குழிவின் அடி. அடி தெரியாத பெர்மாங்கனேட்டுக்கு மேல் விளிம்பு. தொடக்கத்தில் விளிம்பையும் முடிவில் அடியையும் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தனி நூலே எழுத வேண்டும்.

சிக்கல் கடைசித் துளியில் இருக்கிறது. பிப்பெட்டில் 20 மி.லி. ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட் எடுத்து, கூம்புக் குடுவையில் விட்டு, நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். விழ விழ நிறம் மறையும். ஏதோ ஒரு துளிக்கு மறையாமல் வெளிர் ரோஜாவாக நிற்கும், அதுதான் முடிவு. ஒரு துளி ஏறத்தாழ 0.05 மி.லி.; பியூரெட்டின் சிறு கோட்டுக்கு அது பாதி. அந்தத் துளியில் நிறுத்தியவர் அரிது. குடுவை திராட்சை ரசமான பிறகே திருகு மூடப்படுகிறது. ஆனால் நோட்டில் மட்டும் 20.1, 20.1 என்று 'கன்கார்டன்ட்' அளவுகள் அண்ணன் தம்பி போல அமர்ந்திருக்கும். இவ்விடத்தில்தான் கழுத்து பக்கவாட்டில் திரும்புகிறது.

திருப்பாதவர் கதி என்ன? விண்மீன் தொலைநோக்கிக் கம்பியைக் கடக்கும் நேரத்தைத் தம்மைவிட 0.8 நொடி பிந்திக் குறிக்கிறார் என்று, 1796இல் கிரீனிச் வான்நோக்ககத்தின் மாஸ்கலின் தம் உதவியாளர் கின்னபுரூக்கை வேலையைவிட்டு நீக்கினார். பார்ப்பவருக்குப் பார்ப்பவர் இப்படி வேறுபடுவது இயல்பே என்று வானியலாளர் பெசல் பிற்பாடு ஆராய்ந்து சொன்னார்; சொல்லி என்ன, வேலை போனது போனதுதான். மாஸ்கலினின் நோட்டை ஒருமுறை எட்டிப் பார்த்திருந்தால் பென்ஷன்வரை இருந்திருக்கலாம்.

எட்டிப் பார்ப்பதிலும் இடமாறு தோற்றம் உண்டு. சாய்வாகப் பார்ப்பதால் பக்கத்துக்காரரின் 6, நமக்கு 8 ஆகும். செய்முறைத் தேர்வன்று பெஞ்சுக்கு பெஞ்ச் செறிவை மாற்றி வைக்கும் எக்ஸ்டர்னல் வந்துவிட்டாலோ, எவ்வளவு கவனமாகப் பார்க்கிறோமோ அவ்வளவு துல்லியமாகத் தவறுவோம். அந்நேரத்தில் மாணவர் நாடுவது லேப் அசிஸ்டென்ட் அண்ணனின் இருமலை. எந்த மட்டத்தில் நின்று கேட்டாலும் அளவு மாறாது என்பது அதன் சிறப்பு. முழு எண்தான் கிடைக்கும். தசமத்துக்கு அவரிடம் வழியில்லை.