பத்தாம் எண்ணுக்குப் பதினொரு பேர்

எட்டாம் வகுப்புக் கால்பந்து அணியில் பதினொரு பேருக்கும் வேண்டியது பத்தாம் எண் ஜெர்சிதான். பி.டி. மாஸ்டர் அதை ஒருவனுக்குத் தந்த கணமே மீதிப் பத்துப் பேருக்கும் எதிரி யார் என்பது முடிவாகிவிடுகிறது. எதிரணி வந்து சேர்வதெல்லாம் அப்புறம்.

'ஏ' செக்‌ஷன் பையன் 'பி' செக்‌ஷன் பையனுக்குப் பந்தைத் தள்ள மாட்டான். எதிரணியிடம் பறிகொடுப்பான், அதில் மானம் போகாதாம். கோலியாக நிற்பவன் அந்த வருஷம் புதிதாகச் சேர்ந்தவன். பாவம், அவனை யாரும் கேட்கவில்லை.

ஒற்றுமையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பி.டி. பீரியடைக் கடன் கேட்டுக் கணக்கு சார் வாசலில் நிற்கட்டும், பதினொன்றும் ஒரே குரலில் அலறும்.

1986 உலகக் கோப்பை இறுதியாட்டம். மேற்கு ஜெர்மனியுடன் 2-2. பத்தாம் எண் மரடோனா பந்தைத் தானே வைத்துக்கொள்ளாமல் தட்டிவிட, ஓடிப்போய் வெற்றி கோலை அடித்தவர் புருசாகா. மாஸ்டர் இதை உருக்கமாகச் சொல்லி முடித்தார். பின்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது: "ரெண்டு பேரும் ஒரே செக்‌ஷனா சார்?"