அப்பா விட்டு வந்த கிணறு

மலேசியாவில், சாலாக் செலாத்தானில் நாங்கள் குடியிருந்த ரயில்வே லயத்துக்கு ஊரிலிருந்து கடிதம் வந்தால், நலம் விசாரிக்கும் வரிகளை அப்பா அவசரமாகத் தாண்டிவிடுவார். அவர் கண் தேடுவது ஓர் எண்ணை. "கிணத்துல தண்ணி பன்னெண்டாவது படி" என்று பெரியப்பா எழுதியிருப்பார். மேலிருந்து எண்ணும் கணக்கு அது. எண் குறைந்திருந்தால் அப்பாவின் முகம் தெளியும். கூடியிருந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

தமிழ்நாட்டில் சென்னிமலைப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கிணற்றுக்கு மொத்தம் அறுபத்திரண்டு படிகள். 1951-இல் கடைசிப் படியும் காய்ந்து, அடியில் பாறை தெரிந்தது. தண்ணீர் இறைக்கும் கவலை இழுத்த மாடுகளை விற்ற காசில்தான் பத்தொன்பது வயது அப்பா கப்பலேறினார். அப்போதே பவானி ஆற்றின் குறுக்கே அணை எழும்பிக்கொண்டிருந்தது. 1948-இல் தொடங்கிய வேலை. "வாய்க்கா வருது, வாய்க்கா வருதுன்னாங்க. அது வர்ற வரைக்கும் வயிறு காத்திருக்குமா?" என்பார் அப்பா. 1955-இல் பவானிசாகர் அணை கட்டி முடிந்தது. கீழ்பவானி வாய்க்கால் இருநூறு கிலோமீட்டர் நீண்டு, எங்கள் மேட்டாங்காட்டை ஒட்டி ஓடியது. அப்பா அந்நேரம் இங்கே தண்டவாளத்துக்கு ஜல்லி கொட்டிக்கொண்டிருந்தார். நான்கு வருடம் பொறுத்திருந்தால் நாங்கள் யாரும் மலேசியராகியிருக்க மாட்டோம்.

எங்கள் லயத்தில் இருபது வீட்டுக்கு ஒரே பொதுக் குழாய். விடியுமுன் மண்ணெண்ணெய் டின்கள் வரிசை கட்டும். அம்மா அரிசி கழுவிய தண்ணீரில் கீரையை அலசுவார். அதையே முருங்கைக்கு ஊற்றுவார். ஒரு நாள் டின் நிரம்பி வழிவதை நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா அடிக்கவில்லை. வழிந்த தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்து வரச் சொன்னார். போய்ப் பார்த்தேன். பக்கத்து வீட்டு அக்காவின் கத்தரிச் செடிக்குப் போனது. "அப்பன்னா அது வீணில்ல. ஆனா அடுத்த தடவ டின்ன எடு" என்றார்.

1975 பள்ளி விடுமுறையில் பினாங்கில் 'சிதம்பரம்' கப்பலேறி முதன்முறையாக ஊருக்குப் போனோம். வாய்க்காலில் தண்ணீர் ஓடிய காலம். அந்தப் பாசனத்தின் சட்டம் அழகானது. ஆயக்கட்டு 2,07,000 ஏக்கர். அதில் ஒரு பாதிக்கு ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை நெல்லுக்குத் தண்ணீர். மறுபாதிக்கு ஜனவரிக்குப் பிறகு கடலை, எள் போன்ற புன்செய்ப் பயிர்களுக்கு, அதுவும் விட்டு விட்டு. அடுத்த ஆண்டு முறை மாறும். ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று சின்னப் பிள்ளைகளும் சொல்வார்கள். இருக்கும் தண்ணீரை எல்லோருக்கும் நிரவுவதற்கு ஏற்பட்ட முறை இது. இரவில் எங்கள் முறை வந்தபோது பெரியப்பாவோடு போனேன். மண்வெட்டியால் வரப்பைக் கிள்ளினார். அரிக்கேன் வெளிச்சத்தில் தண்ணீர் வயலுக்குள் ஊர்ந்தது. முறை முடிந்ததும் வாழைச் சருகும் சேறும் அப்பி மடையை அடைத்தார். அடுத்த காட்டுக்காரர் அங்கேயே நின்றிருந்தார். கடிகாரம் யார் கையிலும் இல்லை.

விடிந்ததும் அப்பா கிணற்றுக்கு நடந்தார். ஏழாவது படியில் உட்கார்ந்து, தண்ணீரில் காலை நனைத்தார். வாய்க்காலிலிருந்து கசிந்து, மண்ணில் ஊறி வந்த தண்ணீர் அது. அவர் அழுததை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

1998 வறட்சியில் கோலாலம்பூரும் கிள்ளான் பள்ளத்தாக்கும் பல மாதங்கள் பங்கீட்டுத் தண்ணீரில் வாழ்ந்தன. குழாய்கள் இருந்தும் தண்ணி லோரிக்காக வாளியோடு நின்றோம். இந்த நாட்டில் சுத்திகரித்து அனுப்பும் நீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வருவாய் தராமல் போகிறது என்பதும், அதில் பெரும்பகுதி குழாய் ஒழுக்கு என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. காசு கொட்டிச் சுத்தம் செய்து, பம்பு வைத்துத் தள்ளிய தண்ணீர் குடிக்க வேண்டியவருக்குப் போகாமல் மண்ணுக்குப் போவது இழப்புதான். அதை அடைத்தே ஆக வேண்டும்.

ஊர்த் தண்ணீரின் கதை வேறு. 2024 பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பெரியப்பா மகன் தோட்டத்தைச் சுற்றிக் காட்டினார். மஞ்சள் பாத்தி நெடுக கறுப்புக் குழாய்கள். மத்திய அரசு 2015-இல் தொடங்கிய பாசனத் திட்டத்தில், துளிநீரில் அதிக விளைச்சல் என்ற பிரிவின் கீழ் கிடைத்த சொட்டுநீர். தமிழ்நாட்டில் ஐந்து ஏக்கர் வரை உள்ள சிறு, குறு விவசாயிக்கு முழு மானியம். மற்றவர்களுக்கு 75 விழுக்காடு. அண்ணி குனிந்து ஒரு துளையை நகத்தால் சுரண்டினார். வெள்ளையாய் உப்பு உதிர்ந்தது. "போர்த் தண்ணியில இது அடைச்சுக்குதுங்க. அப்பப்ப ஆசிட் விட்டுக் கழுவோணும்" என்றார். இரண்டு தட்டுத் தட்டியதும் துளி விழுந்தது. வேருக்கு மட்டும் நீர், களையும் குறைவு. நல்ல கருவி, சந்தேகமில்லை.

"மிச்சமான தண்ணி என்னாச்சுண்ணே?" என்று கேட்டேன்.

"மேக்கால ரண்டு ஏக்கரா சும்மா கெடந்துச்சு தம்பி. அதுக்கும் குழாய் போட்டாச்சு."

ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்குக் கரண்டுக் கட்டணம் கிடையாது. இறைப்பதை யாரும் அளப்பதும் கிடையாது. ஓர் ஏக்கருக்குப் பாயும் தண்ணீர் குறைந்தது. நிலத்தடியிலிருந்து எடுப்பது குறையவில்லை. அண்ணன்மேல் குற்றமில்லை. தரிசைப் பச்சையாக்கும் வாய்ப்பு வந்தால் எந்த உழவர் விடுவார்?

வாய்க்கால் கரையில் வேறொரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஏறத்தாழ 709 கோடி ரூபாயில் வாய்க்காலைச் சீரமைத்துக் கான்கிரீட் பூசும் திட்டம். 2023-இல் வேலை தொடங்கியபோது எதிர்ப்பு உண்ணாவிரதம் வரை போனது. வேண்டும் என்பவர்கள் கடைமடைக்காரர்கள். தண்ணீர் வழியிலேயே போய்விடுகிறது என்கிறார்கள். அது நியாயம். வேண்டாம் என்பவர்கள் கசிவில் ஊறும் கிணறுகளை நம்பியவர்கள். குடிக்கவும் அந்தத் தண்ணீர்தான். அதுவும் நியாயம்.

எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. வாய்க்காலுக்கு ஒரு கணக்கும் கிணற்றுக்கு வேறொரு கணக்கும் எழுதினால், வாய்க்காலில் மிச்சம் பிடித்ததாக எழுதும் தண்ணீர் கிணற்றில் குறைந்திருக்கும். சொட்டுநீரில் மிச்சம் என்று எழுதுவது புதிதாக ஓர் ஏக்கரில் செலவாகியிருக்கும். ஆறு, வாய்க்கால், கிணறு, போர் எல்லாவற்றுக்கும் ஒரே பேரேடு வேண்டும். எத்தனை ஏக்கருக்குக் குழாய் போட்டோம் என்று எழுதும் அதிகாரி, அதே தாளில் கிணற்று மட்டத்தையும் எழுத வேண்டும். வழிந்த தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்காமல் எந்த மடையையும் அடைக்கக் கூடாது.

புறப்படும் முன் கிணற்றடிக்குப் போனேன். பக்கத்தில் போர்க் குழாய் இரைந்துகொண்டிருந்தது. படிகளில் புல் மண்டியிருந்தது. அதை விலக்கி எண்ணினேன். இருபத்தொன்பது.

பெரியப்பா போன பிறகு அந்தக் கணக்கை யாரும் எடுக்கவில்லை. அண்ணனிடம் கேட்டுக்கொண்டேன். இப்போது மாதம் ஒருமுறை இறங்கிப் பார்த்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். நலம் விசாரிப்பெல்லாம் இல்லை, வெறும் எண்தான். போன மாதம் முப்பத்தொன்று.