கல் போன குழியில் கவர்

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் சொன்னது ராக்கெட் சமாச்சாரம் இல்லை. ஜல்லியைச் சுமார் 170 டிகிரிக்குச் சூடாக்கு. நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவு. அது உருகி ஜல்லியைப் போர்த்திக்கொண்டதும் தாரை ஊற்றிக் கலக்கு. ஒரு கிலோமீட்டர் ஒற்றை வழிச் சாலை ஏறத்தாழ ஒரு டன் பிளாஸ்டிக்கை விழுங்கிவிடும். மனிதருக்கு 2018-இல் பத்மஸ்ரீ கொடுத்து நம் கடமையை முடித்துக்கொண்டோம். அதற்கு முன்பே, 2015 நவம்பரில், 5 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் தார்ச்சாலை போட்டால் பிளாஸ்டிக் கழிவைக் கலந்தாக வேண்டும் என்று ஒன்றியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் உத்தரவிட்டிருந்தது.

கல்லும் பிளாஸ்டிக்கும் சேர வேண்டும், அவ்வளவுதானே? திருப்பூரில் பிரமாதமாகச் சேர்த்துவிட்டோம். பாறையை வெடிவைத்து உடைத்து, கல்லை ரோட்டுக்கு அனுப்பினோம். கல் இருந்த பாறைக்குழியில் குப்பையைக் கொட்டினோம். நடுவில் ஜல்லியையும் தாரையும் கலக்கும் ஹாட் மிக்ஸ் பிளான்ட் என்று ஒன்று உண்டு என்பதுதான் எவருக்கும் ஞாபகம் வரவில்லை.

முதலிபாளையம் பாறைக்குழியில் கொட்டியதை ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். குப்பை வேறு குழி தேடி இடுவாய் சின்னக்காளிபாளையத்துக்குப் போனது. அங்கேயும் சனங்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். உடனே போலீஸ் வந்தது. மந்திரிக்குத்தான் பந்தோபஸ்து என்று நினைத்திருந்தோம். இந்த ஊரில் குப்பைக்கும் உண்டு. குடிக்கிற கிணறு கெட்டுப்போகுமே என்று கேட்டவர்கள் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை ஆனார்கள்.

குழியில் விழும் கவர் எங்கிருந்து வருகிறது என்று பனியன் கம்பெனிக்குள் போய்ப் பாருங்கள். நூல் கோனுக்கு ஒரு கவர், கோன்களை அடைத்த மூட்டைக்கு ஒரு கவர், டையிங்கிலிருந்து வரும் துணி ரோலுக்கு ஒரு கவர், பட்டனுக்கும் லேபிளுக்கும் தனித்தனிக் கவர். பெட் பாட்டிலை நூலாக்கித் தைத்த டீ-சர்ட்டில் 'மறுசுழற்சி' என்று அட்டையைக் கட்டி, அதைப் புத்தம்புதுப் பாலிபேக்கில் போட்டுக் கப்பலேற்றுகிற ஊர் இது. வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வரும் அன்று மூன்று நிறக் குப்பைத்தொட்டிகள் வரிசையாக நிற்கும். அவர் கார் கேட்டைத் தாண்டியதும் மூன்றும் ஒரே சாக்கில் சங்கமம்.

மொத்தமாகச் சேர்ந்த கவரை வேஸ்ட் வியாபாரி எடை போட்டு வாங்கிப் போவார் என்பது உண்மைதான். துணிக் கட்டிங் வேஸ்ட்டும் ஒரு துணுக்குகூட வீணாகாது. அதற்கு விலை இருக்கிறது. கிழிந்தது, டேப் ஒட்டியது, சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டில் தினமும் சேரும் ஒரு கை அளவு, இவற்றுக்குத்தான் நாதியில்லை. தெருமுனையில் பழைய சோற்றோடு புரண்டு குழிக்குப் போகிறது. சாலைக்கு வேண்டியது காய்ந்த, சுத்தமான பிளாஸ்டிக். காய்ந்து சுத்தமாகக் கிடந்ததை நாமே நனைத்துவிட்டு, "தகுந்த பிளாஸ்டிக் கிடைக்கவில்லை" என்று கான்ட்ராக்டர் கைவிரித்தால் தலையாட்டவும் செய்கிறோம்.

புது ரோடு போட்டதும் மஞ்சள் பலகை நடுகிறார்கள். திட்டத்தின் பெயர், மதிப்பீடு, நீளம், எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. கலந்த பிளாஸ்டிக் எத்தனை கிலோ என்று ஒரு பலகையிலும் நான் பார்த்ததில்லை. அந்த வரி வரும்போது மட்டும் பெயிண்ட் தீர்ந்துவிடுகிறதோ என்னவோ.