கேன் கவிழ்ப்பு: ஒரு பூர்வாங்க ஆய்வு

சென்னைக்கு வேலைக்கு வந்த பேச்சிலர்கள் நாலைந்து பேர் சேர்ந்து எடுக்கும் வாடகை வீட்டில், தண்ணீர் கேன் என்பது 20 லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் கலம். நிறைந்திருக்கையில் எடை 20 கிலோவுக்குச் சற்று மேல். வாடகையும் கரண்ட் பில்லும் தலைக்கு இவ்வளவு என்று வகுபட்டுவிடும், கேன் வகுபடாது. அதை ஒருவரே தூக்கி டிஸ்பென்சரில் கவிழ்த்தாக வேண்டும். வாடகை, அட்வான்ஸ், காலி செய்தல் பற்றியெல்லாம் விரிவாகப் பேசும் 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் இவ்விஷயத்தில் வாயே திறக்கவில்லை.

எழுதப்படாத விதி ஒன்று உண்டு: கேனை யார் தீர்த்தாரோ அவரே புதுக் கேன் போட வேண்டும். ஆனால் தீர்ந்தது எப்போது? கேனுக்குள் குமிழி எழுவது நின்றதுமே தீர்ந்தது என்பது குமிழிக் கட்சி. கீழ்த்தொட்டியில் இன்னும் தண்ணீர் இருக்கிறதே, குழாயில் வரும்வரை தீரவில்லை என்பது குழாய்க் கட்சி. பின்னதற்கே ஆள் அதிகம். இதனால்தான் இரவு பதினொரு மணிக்கு டிஸ்பென்சரை முன்பக்கம் சாய்த்துப் பிடித்து, அரைத் தம்ளர் மட்டும் பிடித்துக்கொண்டு, அடியில் இரண்டு மடக்கு மிச்சம் வைத்துப் போகிறவர்களைக் காண முடிகிறது. தாகம் பாதிதான் தீர்ந்திருக்கும். கடமை முழுதும் தீர்ந்துவிடும்.

வைணவத்தில் வடகலையார் குரங்குக் குட்டியையும் தென்கலையார் பூனைக் குட்டியையும் சரணாகதிக்கு உவமை சொல்வர். குட்டி தானே தாயைப் பற்றிக்கொள்வது முன்னது. தாய் கவ்விச் செல்லும்வரை சும்மா கிடப்பது பின்னது. கேன் விஷயத்தில் எல்லோரும் பூனைக் குட்டிகளே.

கவிழ்க்கும் முறை வருமாறு. மூடியைப் பிய்த்து, கழுத்தை இடக்கையால் பிடித்து, அடியைத் தொடையில் ஏற்றி, ஒரே வீச்சில் கவிழ்க்க வேண்டும். நடுவில் யோசித்தால் தண்ணீர் பாதி எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குப் போகும். துடைப்பதும் கவிழ்த்தவர் பொறுப்பே என்பது பார்த்துக்கொண்டிருந்தவர்களின் ஏகமனதான தீர்ப்பு.

2019 ஜூனில் ஏரிகள் வறண்டு கேனுக்கே பஞ்சம் வந்தபோது இரு கட்சிகளுக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

இப்போது கேனின் வாயிலேயே பொருத்தும் சார்ஜ் பம்ப் வந்துவிட்டது. தூக்கவும் வேண்டாம், கவிழ்க்கவும் வேண்டாம். அதற்குச் சார்ஜ் போட்டவரை இதுவரை யாரும் பார்த்ததில்லை.