சுவருக்கு வண்ணம் அடிக்கலாம்

கேள்வி: சாவு வந்தால் நாம் கூடி அழுகிறோம். கதைமாந்தர்கள் மட்டும் ஏன் ஆளுக்கொரு விதமாக நடந்துகொள்கிறார்கள்?
– ஒரு வாசகர், மொன்றியல்

பதில்: துக்கத்துக்குச் சீருடை கிடையாது. மதுரை அரசவையில் ஒரே நாளில் இரண்டு பெண்கள் கணவனை இழந்து நின்றார்கள். கண்ணகி ஊரை எரித்தாள். பாண்டிமாதேவி சத்தமில்லாமல் உயிரை விட்டாள்.

உங்கள் ஊர்க் கதையையே பாருங்கள். பிலிப் ஃபலார்தோ 2011இல் எடுத்த 'மொஸ்யு லாஸார்' படத்தில், மொன்றியல் பள்ளி ஆசிரியை ஒருவர் வகுப்பறையிலேயே உயிரை மாய்த்துக்கொள்கிறார். காலையில் வகுப்புக்குப் பால் எடுத்துவரும் சிறுவன் சிமோன்தான் முதலில் பார்க்கிறான். நிர்வாகம் சுவருக்குப் புது வண்ணம் அடிக்கிறது. வண்ணம் அடித்தால் சுவர் மறக்கும், பிள்ளை மறக்குமா? சிறுமி அலிஸ் மனதில் உள்ளதை எழுதி வாசிக்கிறாள். சிமோன் முரண்டு பிடிக்கிறான். 'என்னாலதானோ' என்ற பயத்தைச் சுமந்து திரிந்து, கடைசியில் வகுப்பின் நடுவே உடைந்து அழுகிறான்.

புதிதாக வந்த ஆசிரியர் பஷீர் லாஸாரோ அல்ஜீரியாவில் மனைவி மக்களைத் தீக்குப் பறிகொடுத்தவர். தன் துக்கத்தை மாணவர்களிடம் காட்டாமல் அவர்களுடைய துக்கத்துக்குக் காது கொடுக்கிறார்.

அந்தப் பள்ளியில் ஆசிரியர்கள் பிள்ளைகளைத் தொடக்கூடாது. ஆனாலும் கடைசிக் காட்சியில், விடைபெறும் ஆசிரியரும் அலிஸும் கட்டிக்கொள்கிறார்கள். இழவு வீட்டில் நம் பாட்டிமார் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து அழுவது ஏன் என்று அந்த நொடியில் விளங்கும்.