பெயர் சொல்லத் தேவையில்லை

ஹைதராபாத் ஹைடெக் சிட்டி, கச்சிபௌலிப் பக்கம் கணினிப் பாதுகாப்பு நிறுவனங்களுக்குப் பஞ்சமில்லை. அங்கே ஊழியர்களிடம் கருத்துக் கேட்கும் அழகே தனி. ‘பெயர் சொல்லத் தேவையில்லை, மனம்விட்டு எழுதுங்கள்’ என்று மெயில் வரும். கீழே ஒரு லிங்க். யார், எந்த லேப்டாப்பில், எத்தனை மணிக்கு, எதைத் தொட்டார்கள் என்று துப்புத் துலக்குவதே பிழைப்பாக உள்ளவர்களிடம் ‘ரகசியம் காப்போம்’ என்றால் யார் நம்புவார்கள்? போதாததற்கு, ‘சந்தேகமான லிங்கைத் தொடாதே’ என்று வகுப்பு வேறு எடுத்திருப்பார்கள். பாடம் ஏறியவர்கள் அந்த மெயிலையே புகாராக அனுப்பிவிடுவார்கள். கோட்டைவிட்டவர்கள்தான் பதில் போடுவார்கள்; அவர்களுக்கு எல்லாமே பரம திருப்தி.

உண்மையான கருத்து நைட் ஷிஃப்ட் முடிந்து இரானி சாய் குடிக்கும்போதுதான் வரும்: “ஒன்றும் நடக்காவிட்டால் உனக்கு எதற்குச் சம்பளம் என்பார்கள். நடந்துவிட்டால், சம்பளம் வாங்கிக்கொண்டு என்னத்தைக் கிழித்தாய் என்பார்கள்.”

அப்படி ஒன்று நடக்கவும் செய்தது. 2024 ஜூலை 19 அன்று, கிரௌட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் அப்டேட் கோளாறால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்துவிட்டன. ஹைதராபாத்திலிருந்து கொல்கத்தாவுக்கு விமானத்தில் போன ஒருவருக்கு போர்டிங் பாஸைக் கையாலேயே எழுதிக் கொடுத்தார்கள். அந்த வருட அப்ரைசலில் முதல் மார்க் பேனாவுக்குத்தான் போட்டிருக்க வேண்டும்.